ஒரு பக்கத்துக்கு ஒரே மொழி

பொறாமையே இல்லாதவள் என்று யாராவது சொல்லிக்கொண்டால் நான் நம்ப மாட்டேன். எனக்கு இருந்தது, வயிறு எரிய எரிய. அதுவும் யார் மேல்? ஓசூரில் எங்கள் லைன் வீட்டில் சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பவள் மேல். கம்பெனி பஸ்ஸில் தினமும் என் பக்கத்து சீட்டில் வருகிறவள்.

அவள் குந்தாரப்பள்ளிக்காரி, நான் விருதுநகர்ப் பக்கம். இருவரும் ஒரே ஆப்பில் சமையல் வீடியோ போட்டோம். முதலில் ஆரம்பித்தது நான். அவள் போனில் ஆப்பை இறக்கி, பக்கம் திறந்து கொடுத்ததும் நானேதான். புத்தி எங்கே போச்சோ! மூன்றே மாதத்தில் ஊரே அவளைப் பார்த்தது. என்னை நூறு பேர் பார்த்தால் அதிகம்.

அப்படி என்ன செய்துவிட்டாள்? ராகிக் களி கிண்டுவாள். தமிழில் ஆரம்பித்து, கன்னடத்தில் மாமியாரை வம்புக்கு இழுத்து, தெலுங்கில் முடிப்பாள். மூன்று மொழி வியாபாரிகளும் வருகிற மாட்டுச் சந்தைக்குப் பக்கத்தில் வளர்ந்த வாய் அது. மூன்று மொழிக்காரர்களும் சிரித்தார்கள். பஸ் டிரைவர்கூட அவளிடம்தான் நேற்றைய வீடியோ பிரமாதம் என்பார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன்.

அப்போதுதான் ஆப்காரர்கள் புது விதி போட்டார்கள். ஒரு பக்கத்துக்கு ஒரே மொழி. கலந்து பேசினால் பார்க்கிறவர்கள் புகார் பட்டனை அழுத்தலாம். புகார் சேர்ந்தால் வீடியோ மறைந்துவிடும், தொடர்ந்தால் பக்கத்தையே மூடிவிடுவார்கள். படித்ததும் எனக்கு வந்த சந்தோஷம் தீபாவளி போனஸுக்குக்கூட வந்ததில்லை.

அழுத்தினேன். குளியலறையில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, அவள் வீடியோ ஒன்றுவிடாமல் அழுத்தினேன். என்னைப் போல இன்னும் சிலர் இருந்திருப்பார்கள் போல.

அவள் தமிழில் மட்டும் பேசிப் பார்த்தாள். இரண்டு நிமிடத்துக்கு மேல் தாங்காது, கன்னடம் வந்துவிடும். பக்கத்தை மூடிவிட்டார்கள். இனி எல்லாரும் என்னிடம்தான் வரணும் என்று புதுச் சேலை கட்டி வீடியோ எடுத்தேன். ஒரே வாரத்தில் என் பக்கத்தையும் மூடிவிட்டார்கள். செகண்ட் ஷிப்ட் முடிந்து டயர்டா வந்தேன் என்று சொல்லியிருந்தேனாம், அது இங்கிலீஷ் கலப்பாம். இந்த ஊரில் கலக்காமல் பேசுகிறவர் யார்? மளிகைக்காரர், ஆட்டோக்காரர் என்று ஒவ்வொருவர் பக்கமாகப் போனது. பார்க்க ஒன்றுமில்லை என்று ஜனங்கள் ஆப்பையே அழித்துவிட்டார்கள். பஸ்ஸில் இப்போது அதைத் திறக்கிற ஆளே கிடையாது.

போன வாரம் பஸ்ஸில் அவள் கேட்டாள். "ஏங்க்கா, உங்க வீடியோவ இனிமே எதுல பாக்கறது?"

என் வீடியோவை நீ ஏன் பார்க்கப்போகிறாய் என்றேன், கொஞ்சம் வெடுக்கென்று.

"அம்மா, அண்ணி, சித்தப்பா வீடு, ஊர்ல சொந்தக்காரங்க எல்லார் போன்லயும் உங்க பக்கத்தத்தான் வெச்சுக் குடுத்தேன். வீட்ல எல்லாரும் கேக்கறாங்க. எனக்குச் சொல்லிக் குடுத்த அக்காவுக்கு ஆளு கம்மின்னு யாரும் சொல்லிடக் கூடாதில்ல."

என்னுடைய அந்த நூறு பேரில் பாதி அவள் சொந்தக்காரர்கள்தான் போலிருக்கிறது. பட்டனை அழுத்தியது நான்தான் என்று சொல்ல வாய் வரவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். இப்படி ஒரு மனசு அவளுக்கு மட்டும் எப்படி வாய்த்தது என்று அதற்கும் பொறாமைதான் வந்தது.