கேட்டது தையல் மிஷின், வந்தது கேரம் போர்டு

கொடுக்கிற வேலைதானே, நாலு பேர் வாழ்த்துவார்கள் என்று நினைத்துத்தான் கிராம சேவிகா உத்தியோகத்தில் சேர்ந்தேன். எழுபதுகளில் என்னை வில்லியனூர் பக்கமும் பாகூர் பக்கமும் மாற்றி மாற்றிப் போட்டார்கள். ஏழைக் குடும்பங்கள் ஒன்றுசேர்ந்து ஆரம்பிக்கும் சங்கங்களுக்கு அரசாங்கமும், பல ஊர்களுக்குப் பொதுவான கொம்யூன் பஞ்சாயத்தும் தரும் மானியத்தை வாங்கிக் கொடுக்க வேண்டும், அது உருப்படியாகப் பயன்படுகிறதா என்று போய்ப் பார்க்க வேண்டும். கேட்க இவ்வளவுதான். மானியம் கேட்டு ஆபீசுக்கு நடந்தவர்களுக்குத்தான் கஷ்டம் தெரியும் என்பார்கள். கொடுக்கச் சொல்லி அதே ஆபீசுக்குள் நடந்தவளுக்கும் செருப்பு அதே மாதிரிதான் தேய்ந்தது. நீங்கள் எந்தப் பக்கம் நடந்தவராக இருந்தாலும் நாம் ஒரே கட்சி.

நோக்கம் என்ன?

வில்லியனூரில் முதல் முதலாக ஒரு மாதர் சங்கம் பதிவு செய்ய உட்கார்ந்தோம். இடியாப்பம் விற்கிறவர், கூலி வேலைக்குப் போகிறவர்கள், பாத்திரம் தேய்க்கிறவர்கள் என்று எல்லோரும் ஒரு வீட்டுக் கூடத்தில் கூடியிருந்தார்கள். பதிவுப் பாரத்தில் ‘சங்கத்தின் நோக்கம்’ என்று ஒரு கேள்வி. ‘பெண்கள் முன்னேற்றம்’ என்று எழுதிவிட்டு எழுந்துவிடுவதுதான் ஆபீஸ் வழக்கம். நான் புதுசு, ஆர்வக்கோளாறு, அவர்களையே கேட்டேன். இடியாப்பக்கார ஜுலேகா பீ சொன்னார்: “ஒத்தையா போனா நாளைக்கு வான்றாங்க, பத்து பேரா போனா குந்துன்றாங்க. வேற இன்னாம்மா நோக்கம்?”

இடம் மாறிய சாமான்

கரியமாணிக்கத்தில் மாதர் சங்கம் தையல் மிஷின் கேட்டிருந்தது. அதே ஊர் வாலிபர் சங்கம் கேரம் போர்டு கேட்டிருந்தது. இரண்டுக்கும் அனுமதி மஞ்சூராகி, இரண்டும் ஒரே வண்டியில் போய், இடம் மாறி இறங்கிவிட்டன. வாலிபர்கள் மிஷினைத் திருப்பித் தர மாட்டோம் என்று பிடிவாதம். அரசாங்கமே பார்த்துக் கொடுத்ததாம். அந்த வாரமே மேலதிகாரி பார்வையிட வருகிறார். ‘மாதர் சங்கம் கேரம் ஆடுகிறது’ என்று அவர் எழுதிவிட்டால் அடுத்த மிஷின் அந்த ஊருக்கு என்றைக்கும் வராது. எனக்கு ராத்திரி தூக்கம் போயிற்று.

காலையில் முதல் பஸ் பிடித்து ஓடினேன். சங்கத் தலைவி கண்ணம்மா வீட்டு வாசலில் மிஷின் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. எப்படி நடந்தது என்று கேட்டேன். தலைவி மிதிப்பதை நிறுத்தாமலே சொன்னார்: “உங்கள்ள ஒருத்தன் ஒரே ஒரு ஜாக்கெட் தச்சுக் காட்டு, மிஷின நீங்களே வெச்சுக்கங்கன்னேன். ஒரு பையனுக்கும் ஊசில நூல் கோக்கத் தெரியல. அவங்க பலகைய அங்க போட்டுட்டு தூக்கியாந்துட்டோம்.”

காணாமல் போன பசு

காட்டேரிக்குப்பத்தில் கூலிப் பெண்கள் சங்கத்துக்குக் கறவை மாடுகள் கொடுத்திருந்தோம். கொடுத்த மாட்டை யாராவது விற்றுவிட்டால் சங்கத்துக்கே அடுத்த மானியம் கிடையாது என்பது சட்டம். நகரத்திலிருந்து வந்த அதிகாரி வீடு வீடாகப் பார்த்துக்கொண்டே வந்தார். பச்சையம்மாள் வீட்டில் முளைக்குச்சி இருந்தது, அறுந்த கயிறு இருந்தது. மாடும் இல்லை, பச்சையம்மாளும் இல்லை. புருஷனை இழந்து, இரண்டு பெண் பிள்ளைகளை வைத்துக்கொண்டு கஷ்டப்படுகிறவர். அதிகாரி என்னைத் திரும்பிப் பார்த்தார். “வித்தாச்சா?” என்றார். அக்கம்பக்கத்துப் பெண்கள் முகத்தில் ஈயாடவில்லை. மேய்ச்சலுக்குப் போயிருக்கும் என்று நான் ஏதோ உளறினேன். நாற்காலி போட்டு, மோர் கொடுத்து, அவரை எழுந்திருக்க விடாமல் பேச்சுக் கொடுத்தோம்.

வெயில் உச்சிக்கு ஏறிய நேரம், தெருக்கோடியில் மாடு முன்னால் வர, பின்னால் வியர்த்து விறுவிறுத்துப் பச்சையம்மாள் வந்தார். மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு தன்னைச் சங்கத்துக்கு விற்ற பழைய சொந்தக்காரர் கொட்டகைக்கே போய் நின்றிருந்ததாம். பக்கத்து ஊர்வரைக்கும் நடந்து ஓட்டிக்கொண்டு வந்திருக்கிறார். அதிகாரி மாட்டின் காதில் இருந்த அரசாங்க அடையாளத் தகட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “அரசாங்க மாட்டை இப்படியா விடுவது?” என்றார். பச்சையம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: “கவர்மெண்டு மாடுன்னு எனக்குத் தெரியுது சார், அதுக்குத் தெரியலையே!”

அதிகாரி சிரித்துவிட்டார். அப்புறம்தான் நாங்கள் மூச்சு விட்டோம். திரும்பும்போது ஜீப் டிரைவர் ஆரோக்கியசாமி என்னிடம் ரகசியமாகச் சொன்னார்: “இன்னொரு சொம்பு மோர் குடிச்சிருந்தா அந்த ஆளு எழுந்தே இருக்க மாட்டாரும்மா.”

அடிபம்பு

பாகூர் பக்கத்து ஊர் ஒன்று. பேர் வேண்டாம். காலனிப் பெண்கள் ஊர்க் கிணற்றில் கயிறு போட முடியாது. குடத்தை வைத்துவிட்டுத் தள்ளி நிற்க வேண்டும். யாராவது மனசு வந்து இறைத்து ஊற்றினால்தான் வீட்டில் சோறு. அந்தப் பெண்கள் சங்கமாகி, கொம்யூனுக்கு நடையாய் நடந்து, தங்கள் தெருவுக்கு ஓர் அடிபம்பு வாங்கினார்கள். போர் போடும் லாரி வந்த அன்று, ஊர்ப் பெரிய வீட்டுக்காரர் அதைக் கோயிலண்டையே மடக்கி நிறுத்திவிட்டார். “இங்க போட்டா எல்லாருக்கும் பொது. அவங்களும் வந்து புடிச்சிக்கட்டும், யாரு வேணாம்னாங்க?” என்றார். உத்தரவு என் கையில்தான் இருந்தது. ஆனால் சுற்றி நின்ற கூட்டத்தைப் பார்த்ததும் அதை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

நாற்று நட்டுக்கொண்டிருந்த பெண்கள் சேற்றுக் காலோடு வந்து சேர்ந்தார்கள். சங்கத் தலைவி அஞ்சலை கூச்சல் எதுவும் போடவில்லை. “சரிங்க ஐயா, இங்கயே போடட்டும். எங்க வூட்டுப் பொம்பளைங்க நாளைக்கு இந்தப் பம்பத் தொட்டு அடிப்பாங்க, கொடத்த உங்க வூட்டுக் கொடத்துக்குப் பக்கத்துல வெப்பாங்க. ஒண்ணும் சொல்ல மாட்டோம்னு இத்தன பேரு முன்னால ஒரு வார்த்த சொல்லிடுங்க” என்றார். பெரிய வீட்டுக்காரர் கூட்டத்தைப் பார்த்தார், கூட்டம் அவரைப் பார்த்தது. வார்த்தை வரவில்லை. லாரி டிரைவர் என்ன நினைத்தாரோ, வண்டியைக் கிளப்பிக் காலனிப் பக்கம் திருப்பிவிட்டார்.

அதோடு முடிந்ததா? ஒரே ஒரு போருக்குத்தான் மஞ்சூர். குழாய் இறங்க இறங்க வெறும் களிமண்தான் வந்தது. தண்ணீர் இல்லாமல் போனால் ‘அங்கேயே போட்டிருக்கலாம்’ என்று ஊரே சிரிக்கும். பெண்கள் யாரும் சாப்பிடப் போகவில்லை. நானும் போகவில்லை. சாயங்காலம் கலங்கலாக ஒரு பீச்சு, அப்புறம் தெளிவாக ஒரு பீச்சு. எல்லோரும் ஓவென்று கத்தினார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது. அஞ்சலை ஒரு கை ஏந்திக் குடித்துப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்: “உப்பு இல்லம்மா. இனிமே ‘ஊத்துங்க’ன்னு கேக்கவும் வேணாம்.”

ரிட்டையரான அன்று ‘பல சங்கங்களைத் தூக்கி நிறுத்தியவர்’ என்று எனக்கு மாலை போட்டார்கள். நான் பஸ் பிடித்துப் போய்ச் சேர்வதற்குள் அவையெல்லாம் தாமாகவே எழுந்து நின்றிருந்தன என்று சொல்லி நல்ல மாலையைக் கெடுப்பானேன் என்று பேசாமல் கழுத்தை நீட்டிவிட்டேன்.