இது இன்னா நொய்யி?

அந்த வாரம் முழுக்க என் மனைவியைத் திட்டிக்கொண்டே இருந்தேன். தோணிரேவு குப்பத்தில் எங்கள் வாசலில் அவள் ஆறு வாத்துக்குஞ்சு வளர்த்தாள். ரெண்டு செத்துவிட்டன. மூன்றாவதுக்கும் கழுத்துக்குக் கீழே தீனிப்பை கல்லு மாதிரி வீங்கி, தண்ணீர்கூட இறங்கவில்லை.

“நொய்யைக் கொட்டிக் கொட்டியே சாவடிக்கிறே. எத்தினி வாட்டி சொல்றது?” என்று கத்தினேன். கத்திக்கொண்டே, கிழிந்த வலையை முடிந்து, மிச்ச நூலை அறுத்துக் கீழே போட்டேன்.

அவள் குஞ்சை மடியில் வைத்து, வாயில் ரெண்டு சொட்டு எண்ணெய் விட்டு, தீனிப்பையை மேல்நோக்கி நீவினாள். அலகுக்குள் பச்சையாக எதுவோ தெரிந்தது. மெல்ல இழுத்தாள். கொத்தாக வந்தது நைலான் நூல். என் கையிலிருந்த வலையும் அதே பச்சை.

“இது இன்னா நொய்யி?” என்று கேட்டாள்.

அப்போதும் நான் ஒத்துக்கொள்ளவில்லை. “புழுவுக்கும் நூலுக்கும் வித்தியாசம் தெரியாத ஜென்மம்” என்று குஞ்சைத் திட்டினேன்.

குஞ்சு பிழைத்துக்கொண்டது. இப்போதெல்லாம் அறுத்த நூலைச் சட்டைப் பையில் போட்டுக்கொள்கிறேன். துவைக்கும்போது அவள்தான் அதை எடுத்து வைக்கிறாள், ஒரு வார்த்தை பேசாமல். திட்டியிருந்தால்கூடத் தேவலை.