முனியப்பனுக்கு வாங்கிய குவார்ட்டர்

போர் போடும் ரிக் வண்டிக்கு மேனேஜராகப் போகிறவர்களுக்கு பைப் கணக்கையும் கம்ப்ரசர் கோளாறையும் யாராவது சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். எந்த மாநிலத்துக்குள் எதைக் கொண்டுபோகக் கூடாது என்பதை யாரும் சொல்வதில்லை. இருபத்தாறு வருஷம் திருச்செங்கோட்டு போர்வெல் வண்டிகளோடு சுற்றியவன் நான். பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். பட்டவன் நானல்ல, இன்னொருத்தன்.

நம் ஊரில் சாராயக் கடையை அரசாங்கமே நடத்துகிறது. குஜராத்தில் பெர்மிட் இல்லாமல் தொடக்கூடாது. பீகாரில் வாசனையே ஆகாது. உத்தரப் பிரதேசத்தில் லைசென்ஸ் கடையில் போர்டு மாட்டி, கஞ்சா இலையை அரைத்த பாங்கு உருண்டை விற்கிறார்கள். அதே செடியின் பூவை வைத்திருந்தால் அங்கேயும் ஜெயில்தான். இதையெல்லாம் ஞாபகம் வைத்தே எனக்குப் பாதித் தலை நரைத்தது.

நான் வேலையை விடுவதற்கு முந்தின வருஷம், உத்தரப் பிரதேசத்தில் வேலையை முடித்துக்கொண்டு பீகாருக்குப் போனோம். பார்டருக்கு முன்னால் ஒரு டாபாவில் ரிக் வண்டியையும் சப்போர்ட் வண்டியையும் நிறுத்தினேன்.

“சரக்கோ உருண்டையோ, எது இருந்தாலும் இங்கயே கொட்டிருங்கப்பா. அந்தப் பக்கம் போய் மாட்டுனா என்னால ஒண்ணும் பண்ண முடியாது” என்றேன். இரண்டு பாட்டிலும் ஒரு பொட்டலமும் சாக்கடைக்குப் போயின. எல்லார் பையையும் நானே உதறிப் பார்த்தேன்.

டிரில்லர் பழனிவேலுக்குக் குடிப் பழக்கமே கிடையாது. எருமப்பட்டியில் அவன் மனைவி கவிதாவுக்கு மாசம் நெருங்கியிருந்தது. பீகாரில் முதல் பாயிண்ட்டைத் துளைத்து முடித்துக் கொடுத்துவிட்டு ஊருக்கு ரயிலேறுவதாகச் சொல்லியிருந்தான்.

செக்போஸ்ட்டில் ரிக் கேபினைச் சோதித்தார்கள். முனியப்பன் படத்துக்குப் பின்னால் ஒரு பிஸ்கட் டப்பா. உள்ளே சூடம், சுருட்டு, ஒரு குவார்ட்டர் பிராந்தி.

புது இடத்தில் முனியப்பனுக்குப் படைத்து, பாயிண்ட்டில் ஊற்றாமல் நாங்கள் டிரில் இறக்குவதில்லை. உத்தரப் பிரதேசத்தில் ஊற்றியதோடு சேர்த்து அந்த பாட்டிலையும் சேலத்தில் வாங்கி வைத்தது நான்தான். சரக்கைக் கொட்டச் சொன்னபோது அது என் நினைவுக்கே வரவில்லை. கூட இருந்த பதினோரு பேருக்கும் வரவில்லை. எங்களுக்கு அது சரக்கே அல்ல, சாமி சாமான்.

எனக்குத் தெரிந்த இந்தியில் எல்லாவற்றையும் சொன்னேன். சீல்கூட உடைக்கவில்லை என்று காட்டினேன். அதிகாரி படத்தைக் கும்பிட்டுவிட்டு, “சாமி உங்கள் ஊர்க்காரர். பாட்டில் பீகாரில் அல்லவா இருக்கிறது?” என்றார். குடித்துவிட்டு முதல் தடவை மாட்டினால் அபராதத்தோடு விட வழி உண்டாம். வைத்திருந்தால் கேஸ். யாருடையது என்று கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் பழனிவேல் முன்னால் வந்து, தன்னுடையது என்று நெஞ்சைத் தொட்டுக் காட்டினான்.

“டேய், உம்பட ஊட்ல மாசமா இருக்குதுடா” என்றேன்.

“சும்மா இருங்கண்ணா. நீங்க உள்ள போயிட்டா பாசை தெரியாம அத்தன பேரும் நடுரோட்ல நிக்கோணும். கொழந்த பொறக்கறதுக்குள்ள என்னைய ஜாமீன்ல எடுத்துற மாட்டீங்களா?”

“எடுத்தர்றேன் சாமி.”

ஜாமீன் கிடைக்க நாற்பது நாள் ஆனது. அதற்குள் பெண் குழந்தை பிறந்துவிட்டது. வக்கீல் வீட்டுக்கும் கோர்ட்டுக்கும் அலைந்தேன். முதலாளிக்கும் கவிதாவுக்கும் போனில் விஷயத்தைச் சொன்னேன். பாட்டிலை வாங்கியது யார் என்று மட்டும் சொல்லவில்லை. ஜாமீன் கிடைத்த பிறகு சொல்லலாம் என்று இருந்தேன். கிடைத்த பிறகும் மூன்று மாதம் தள்ளிப்போட்டேன். வெட்கமாக இருந்தது.

அப்புறம் ஒருநாள் குழந்தைக்குத் துணி எடுத்துக்கொண்டு எருமப்பட்டிக்குப் போனேன். வாய்தாவுக்காகப் பழனிவேல் மறுபடி பீகார் போயிருந்தான். கவிதா தண்ணீர் கொடுத்தாள்.

“அம்மணி, அந்த பாட்டிலு...” என்று ஆரம்பித்தேன்.

“தெரியுங்கண்ணா. வந்த அன்னிக்கே அவரு சொல்லிட்டாருங்க. நீங்க எப்ப வந்து சொல்லுவீங்கன்னுதான் பாத்துட்டு இருந்தனுங்க.”

அவள் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

புதிதாக வண்டியேறும் பிள்ளைகளே, அடுத்தவன் பையை உதறுவதற்கு முன் உங்கள் கையால் எடுத்து வைத்ததைப் பாருங்கள். மாட்டிக்கொண்டால் ‘இது என்னுடையது’ என்று அங்கேயே சொல்லிவிடுங்கள். அதைச் சொல்ல எனக்கு இந்தி போதுமான அளவு தெரிந்திருந்தது.