நடு பட்டன்

கர்ட்டன் அக்காவின் பிக்கப் வண்டிக்குள் முதல் தடவை ஏறுகிறவர்கள் "அடேயப்பா!" என்று சொல்லாமல் இருந்ததில்லை. வெளியிலிருந்து பார்த்தால் கீறலும் சேறுமாக, கூரைமேல் ஏணி கட்டிய வேலைக்கார வண்டி. உள்ளே ராஜ உபசாரம். குளிர்காலத்தில் சூடாகும் சீட். நாள் முழுக்க ஏணியில் நின்று இறங்கும் இடுப்புக்கு அண்டை கொடுக்க, பட்டனைத் தட்டினால் உப்பி வரும் முதுகுமெத்தை. பின் சீட்டுக்கு அடியில் மூடி போட்ட பெட்டி. துணிச் சுருள்கள் அதில் நனையாமல் கிடக்கும். தலைக்கு மேலே மூக்குக்கண்ணாடி வைக்கச் சின்னதாக ஒரு அறை உண்டு. அதில் அவள் ஒருநாளும் கண்ணாடி வைத்ததில்லை. தெரியாமல் யாராவது திறந்தால் கர்ட்டன் கொக்கிகள் பொலபொலவென்று மடியில் கொட்டும்.

"இது வண்டியா, இல்ல வீட்டு ஹாலுக்குச் சக்கரம் மாட்டிட்டியா?" என்று கேட்டான் தம்பி, வாங்கின அன்றைக்கு.

"ஹால்ல நான் எப்படா உக்காந்தேன்? என் குடித்தனமே இதுலதானே."

அதில் பொய் ஒன்றும் இல்லை. கல்யாணம் அவளுக்கு ஒட்டவில்லை. போன வேகத்தில் திரும்பி வந்தவள், ஒரு தையல் மெஷினை வாடகைக்கு எடுத்து, அக்கம்பக்கத்து ஜன்னல்களுக்குத் திரை தைத்துக் கொடுக்க ஆரம்பித்தாள். பெற்றவர்கள் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்தபோது தம்பி பள்ளிக்கூடத்தில் இருந்தான். அவனை ஆளாக்கியது அந்த மெஷின்தான். ஒரு வீட்டு வாசலில் நின்றபடியே, எந்த ஜன்னலில் காலை வெயில் அடிக்கும், எதிர் மாடிக்காரர் எந்த ஜன்னல் வழியாகப் பார்ப்பார் என்று சொல்லிவிடுவாள். "உங்க வீட்டுக்குள்ள நடக்கறது உங்களோட போகட்டும்" என்பதுதான் அவள் வியாபாரப் பேச்சு.

டிரைவர் பக்கக் கதவில் ஒன்று, இரண்டு என்று எண் போட்ட பட்டன்கள் இருந்தன. ஒன்றை அமுக்கினால் சீட்டும் கண்ணாடிகளும் அவள் உயரத்துக்கு நகர்ந்து வரும். இரண்டு தம்பிக்கு. சனிக்கிழமைகளில், கனமான கம்பிகள் மாட்டுகிற வேலை இருந்தால், அவன்தான் வண்டி ஓட்டுவான். அவனுக்குக் கால் நீளம். அவசரத்தில் அவள் இரண்டை அமுக்கிவிட்டால் சீட் பின்னால் போய், பெடல் எட்டாமல் குழந்தை மாதிரி கால் தொங்கும்.

ஆனால் அவளுக்கு உயிர், தலைக்கு மேலே வரிசையாக இருந்த மூன்று பட்டன்கள்மேல்தான். கராஜ் கதவைத் திறக்கிற ரிமோட்டைத் தேடிப் பையைக் குடைய வேண்டியதில்லை, வண்டியே திறந்துவிடும். இடது பட்டன் அவள் வீடு. நடு பட்டன் தம்பி வீடு. வலது பட்டன் காலி.

நடு பட்டனுக்கு அவன் வீட்டுக் கதவைப் பழக்கிய நாளை அவள் பல பேரிடம் சொல்லிச் சிரித்திருக்கிறாள். தம்பி கல்யாணம் முடித்துத் தனி வீடு போன புதிது. கராஜ் கூரையில் இருக்கும் மோட்டாரில் ஒரு குட்டிப் பட்டன் உண்டு. ஒருவர் ஏணியில் ஏறி அதை அமுக்கினால் அங்கே ஒரு விளக்கு எரியும். அது அணைவதற்குள், வண்டியில் இருப்பவர் தன் பட்டனை அமுக்க வேண்டும். ஒற்றை ஆளாகச் செய்தால் ஏணியிலிருந்து குதித்துத்தான் ஓட வேண்டும்.

"அமுக்கு!" என்று மேலேயிருந்து கத்தினான் தம்பி.

"எதை?"

"நடுவுல இருக்கறதை!"

"அமுக்கிட்டேன்!"

"காலிங் பெல்லா அது, தொட்டுட்டு ஓடறதுக்கு? நல்லா அழுத்துக்கா!"

அழுத்தினாள். கதவு உதறிக்கொண்டு இறங்க ஆரம்பித்தது. "டேய், தலை, தலை!" என்று அவள் அலற, அவன் ஏணியோடு ஏணியாக ஒட்டிக்கொண்டான். உள்வாசலில் நின்ற அவன் மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அண்ணிக்கு இனிமே பெல்லே தேவையில்ல" என்றாள்.

அந்த வாக்கியத்தைக் கர்ட்டன் அக்கா சாசனம் போல எடுத்துக்கொண்டாள். வேலை முடிந்து போகிற வழியில் காய்கறி கொடுக்க, வெட்டி மிஞ்சிய துணியைப் போட, சும்மா எட்டிப் பார்க்க என்று நினைத்தபோது போனாள். தெருமுனை திரும்பும்போதே நடு பட்டனை அமுக்கிவிடுவாள். வண்டி வாசலுக்கு வரவும் கதவு முழுசாக ஏறவும் சரியாக இருக்கும். பிரேக்கைத் தொடாமல் உள்ளே போய் நிற்பதில் அவளுக்கு அவ்வளவு பெருமை. தம்பி மனைவி ஒன்றும் சொன்னதில்லை. தலை துவட்டிக்கொண்டே வந்திருக்கிறாள், பாதிச் சாப்பாட்டில் எழுந்து வந்திருக்கிறாள். "வாங்க அண்ணி" என்பாள். அந்த "வாங்க" நாளுக்கு நாள் சின்னதாகிக்கொண்டு வந்ததை, துணியில் அரை விரல் கோணல் இருந்தாலும் கண்டுபிடிக்கிற கர்ட்டன் அக்கா கவனிக்கவில்லை.

ஒரு பகல்பொழுது. வழக்கம்போல் தெருமுனையில் அமுக்கினாள். கதவு ஏறியது. வெளிச்சம் முதலில் ஒரு ஜோடிச் செருப்பில் பட்டது. பிறகு முழங்கால். பிறகு மடியில் கிடந்த கைகள். வாஷிங் மெஷினுக்கும் பெயிண்ட் டப்பாக்களுக்கும் நடுவே பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு, தம்பி மனைவி தனியாக உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். எழுந்து ஓடவும் நேரமில்லை, முகத்தைத் துடைக்கவும் நேரமில்லை. வண்டி அவளுக்கு எதிரில் வந்து நின்றது.

அதே பட்டனை இன்னொரு தடவை அமுக்கியிருந்தால் கதவு இறங்கியிருக்கும். வண்டியைப் பின்னால் எடுத்துக்கொண்டு போயிருக்கலாம். அந்த யோசனை கர்ட்டன் அக்காவுக்கு அன்றைக்கு வரவில்லை. பிற்பாடு எத்தனையோ தடவை வந்தது.

"ஐயோ, என்னம்மா? என்ன ஆச்சு? அவன் ஏதாவது சொன்னானா?"

"இல்ல அண்ணி. யாரும் ஒண்ணும் சொல்லல."

"பின்ன எதுக்கும்மா அழற?"

"காரணம்னு ஒண்ணும் இல்ல. சில நாள் இங்க வந்து கொஞ்ச நேரம் உக்காருவேன். அப்புறம் சரியாயிடும்." மூக்கை உறிஞ்சிக்கொண்டு நிமிர்ந்து பார்த்தாள். "அவர்கிட்ட மட்டும் சொல்லாதீங்க அண்ணி. பயந்துடுவாரு."

"நான் ஏம்மா சொல்றேன்" என்றாள் கர்ட்டன் அக்கா.

சனிக்கிழமை வந்தது. தம்பி வண்டி ஓட்டினான். சீட் அவன் உயரத்துக்குப் பின்னால் போயிருந்தது. பக்கத்தில் உட்கார்ந்தவளுக்கு அவன் முகம் அப்பாவுடையது போலத் தெரிந்தது. வளர்த்தவள் இல்லையா? அவன் வீட்டில் ஒரு சங்கடம் இருந்து, அது தனக்குத் தெரிந்து, அவனுக்குத் தெரியாமல் இருப்பதா? இரண்டு தெரு தாண்டுவதற்குள் சொல்லிவிட்டாள். "அவகிட்ட எதுவும் கேக்காதடா, நான் சொன்னேன்னு காட்டிக்காதே" என்றும் சேர்த்துக்கொண்டாள்.

அவன் காட்டிக்கொள்ளாமல் இருக்கிற ஜாதி இல்லை. அன்று முதல் தினம் கேள்வி. என்ன குறை, யார் என்ன சொன்னது, நான் என்ன செய்யவில்லை? டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனான். மாமியாருக்குப் போன் போட்டான். அந்த அம்மா தன் மூத்த மகளுக்குப் போட்டாள். நாற்காலி அளவு இடத்தில் இருந்த ஒரு விஷயம் நான்கு வீட்டுச் சமையலறையில் பேச்சாகிவிட்டது.

அடுத்த வாரம் கர்ட்டன் அக்கா பிரேக்கைத் தொடாமல் உள்ளே நுழைந்தபோது, இரண்டு பேருமே கராஜில் நின்றார்கள்.

"ஊர்ல இருக்கற ஜன்னலை எல்லாம் மூடிக் குடுக்கறீங்க அண்ணி" என்றாள் தம்பி மனைவி. குரல் உயரவில்லை. "எனக்கு ஒரு மூலை விட்டுவைக்கக் கூடாதா?"

"உன் நல்லதுக்குத்தானே சொன்னேன். இவன் என் தம்பி, எனக்கு..."

"அக்கா," என்று தம்பி குறுக்கிட்டான். அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். "இனிமே வர்றதுக்கு முன்னாடி ஒரு போன் பண்ணிடு."

அவ்வளவுதான் சொன்னான். யாரோ தெரிந்தவர்களிடம் சொல்கிற மாதிரி, மரியாதையாக. அதுதான் அவளுக்குச் சுருக்கென்று ஏறியது.

வண்டியைப் பின்னால் எடுத்துத் தெருவில் நிறுத்தினாள். வண்டி விற்றவன் சொல்லியிருந்தது ஞாபகம் வந்தது: இரண்டு ஓரப் பட்டன்களையும் சேர்த்து அமுக்கிப் பிடித்தால் பழக்கினது அழிந்துவிடும். "இந்தா, நீயே வச்சுக்கோ உன் கதவை" என்று வாய்விட்டுச் சொல்லி, இரண்டு விரலால் அமுக்கிப் பிடித்தாள். விளக்கு வேகமாக மினுக்கியது. முடிந்தது.

வீடு வந்து சேரும்போது மழை. தெருமுனையில் இடது பட்டனை அமுக்கினாள். கதவு அசையவில்லை. நெருங்கி வந்து அமுக்கினாள். குத்தினாள். அப்போதுதான் உறைத்தது. ஒரு வீட்டை மட்டும் அழிக்க அந்தப் பட்டன்களுக்குத் தெரியாது. அழித்தால் எல்லாவற்றையும் அழிக்கும். கை ரிமோட் கராஜுக்குள்ளே ஆணியில் தொங்கியது. முன்கதவுச் சாவியும் அதே ஆணியில்தான். முன்கதவு வழியாக அவள் வீட்டுக்குள் போய் வருஷக்கணக்காயிற்று. மாற்றுச் சாவி ஒன்று உண்டு. அது தம்பியிடம் இருந்தது.

போனை எடுத்தாள். அவன் பெயரைத் தாண்டிக் கதவு மெக்கானிக்கைக் கூப்பிட்டாள். அவன் வரும்வரை சீட்டைச் சூடாக்கிக்கொண்டு, இடுப்புக்கு மெத்தையை உப்ப வைத்துக்கொண்டு, சொந்த வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தாள். அத்தனை சௌகரியத்தில் அவள் அதற்கு முன்னால் அழுததில்லை.

மெக்கானிக் முன்கதவுப் பூட்டைக் கழற்றி உள்ளே போய், ஏணியில் ஏறி, அவளை அமுக்கச் சொல்லி இடது பட்டனைப் பழக்கிக் கொடுத்தான்.

"யாருக்கா அழிச்சது?"

"தானா அழிஞ்சிடுச்சு."

"தானா அழியாதே. ரெண்டு ஓரத்தையும் சேர்த்து அமுக்கிப் புடிச்சாத்தானே..."

"உன்னைக் கதவு திறக்கக் கூப்பிட்டேனா, விசாரணை பண்ணக் கூப்பிட்டேனா?"

அவன் சிரித்தான். "சரி சரி. நடுவுலதும் போயிருக்கே, அது எந்த வீடு? அங்க ஒரு ஆளை ஏணியில ஏறச் சொல்லுங்க. போற வழியில முடிச்சுக் குடுத்துடறேன்."

"அது இருக்கட்டும்" என்றாள்.

அதற்கப்புறம் சனிக்கிழமைகளில் கூலிக்கு ஆள் வைத்துக்கொண்டாள். வண்டியை மட்டும் யார் கையிலும் கொடுக்கவில்லை. தம்பி போனில் பேசுவான், சாப்பிட்டாயா என்பான். அவளும் சாப்பிட்டேன் என்பாள். வெயில் போய்க் குளிர் வந்தபோது ஒருநாள், "ஹால் கர்ட்டன் சாயம் போயிடுச்சுக்கா. நீதான் வரணும்னு அவ சொல்றா" என்றான். நல்ல துணியாகத் தேடி எடுத்து, இரட்டை மடிப்பு வைத்துத் தைத்தாள். கிளம்பும் முன் போன் செய்தாள். வாசலில் நின்று பெல் அடித்தாள். அந்த வீட்டுப் பெல் எப்படிச் சத்தம் போடும் என்பதே அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

தம்பி மனைவி நன்றாக உபசரித்தாள். உட்காரச் சொன்னாள், தட்டில் வைத்துத் தண்ணீர் கொடுத்தாள். எடுத்து எறிந்து பேசியிருந்தால்கூடக் கர்ட்டன் அக்காவுக்குப் பரவாயில்லை என்றிருந்திருக்கும். கர்ட்டன் மாட்டி முடித்ததும் தம்பிக்கு உற்சாகம் வந்துவிட்டது.

"வண்டியை வாசலுக்கு எடுத்துட்டு வாக்கா. நடு பட்டனைப் பழக்கிடலாம். அப்போ பண்ணோமே, அதே மாதிரி."

"அவளைக் கேளுடா."

"அதெல்லாம் கேட்டாச்சு. என்னம்மா?"

"பண்ணுங்க" என்றாள் அவன் மனைவி. "அண்ணிக்குச் சௌகரியமா இருக்கும்."

கராஜுக்குப் போனார்கள். நாற்காலி இருந்த இடத்தில் ஒரு சைக்கிள் சாய்ந்திருந்தது.

"ஏம்மா, இங்க ஒரு நாற்காலி கிடந்ததே?"

"அது ஒடஞ்சுபோச்சு அண்ணி."

மன்னிப்புக் கேட்கக் கர்ட்டன் அக்காவின் நாக்கு நுனிவரை வார்த்தை வந்தது. தம்பி ஏணியைத் தடதடவென்று விரித்தான். வார்த்தை உள்ளே போய்விட்டது. அவள் நடந்து போய் வண்டியில் ஏறிக்கொண்டாள்.

"அமுக்கு!" என்றான் தம்பி மேலேயிருந்து. மோட்டாரில் விளக்கு எரிந்தது.

கண்ணாடி வழியாக எல்லாம் தெரிந்தது. ஏணியில் தம்பி. கீழே உள்வாசலில் கைகட்டி நின்ற அவன் மனைவி. இந்தத் தடவை அவள் சிரிக்கவில்லை. அந்த நாற்காலி உடைந்திருக்காது என்று கர்ட்டன் அக்காவுக்குத் தெரியும். இந்தக் கதவு இனிமேல் ஏறாது என்று எழுதிக் கொடுத்தாலும் நாற்காலி திரும்பி வராது என்றும் தெரியும். இப்போது இவள் எங்கே போய் உட்காருகிறாள்? குளியலறையிலா? இல்லை, உட்காருவதையே விட்டுவிட்டாளா?

"அக்கா, அமுக்கு! அணைஞ்சிடப் போகுது!"

கர்ட்டன் அக்கா இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டாள். விளக்கு அணைந்தது.

"என்னாச்சு?"

"அமுக்கிட்டேன்டா. எடுக்கமாட்டேங்குது. பட்டன் போயிடுச்சு போல."

"இன்னொரு தடவை பாக்கலாம்."

"விடுடா. இடுப்பை ஒடிச்சுக்காம இறங்கு. பெல்தான் இருக்கே."

தம்பி முணுமுணுத்துக்கொண்டே இறங்கினான். அவன் மனைவி மட்டும் வண்டிக் கண்ணாடிக்குள், மடியில் கிடந்த அந்தக் கைகளைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு, "டீ போட்டிருக்கேன் அண்ணி, குடிச்சிட்டுப் போங்க" என்றாள். கர்ட்டன் அக்கா குடித்துவிட்டுத்தான் போனாள். சர்க்கரை சரியாக இருந்தது.

இப்போதும் கர்ட்டன் அக்கா அதே வண்டிதான் ஓட்டுகிறாள். இரண்டாம் எண் சீட் பட்டனில் தம்பியின் கால் நீளம் அப்படியே இருக்கிறது, யாரும் அமுக்குவதில்லை. ஒன்றுதான் மாறிப்போயிற்று. தன் வீட்டுக்கு வரும்போதுகூடத் தெருமுனையில் பட்டனை அமுக்குவதில்லை. வாசல்வரை வந்து பிரேக் போட்டு, விளக்கைத் தணித்துக்கொண்டு, கொஞ்சம் நிற்கிறாள். உள்ளே தையல் மெஷினைத் தவிர யாரும் இல்லை என்று அவளுக்குத் தெரியும். இருந்தாலும் நின்றுவிட்டுத்தான் கையை மேலே கொண்டுபோகிறாள்.