கிழக்குப் பார்த்த யன்னல்

நாங்கள் குடியேறிய வெரிபீயில் எங்கள் பக்கத்து வீட்டு அம்மையார் வேல்ஸில் பிறந்தவர். தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பின்வேலிக்கு மேலால் ஒரு பழைய கடித உறையை என்னிடம் நீட்டினார்.

"நீங்கள் வீட்டுப் பிளான் கீறுகிறவர்தானே? இதைப் பார்த்து எனக்கு ஒன்று சொல்ல வேண்டும்."

உறைக்குள் ஒரு புகைப்படம் இருந்தது. தடித்த கல்மதிலில் ஒரு யன்னல் மாடம், அதன் இரு பக்கமும் கல் இருக்கைகள், அவற்றில் ஒரு சிறுமியும் சிறுவனும் எதிரெதிரே. யன்னலால் வந்த வெயில் அவர்களின் காலடியில் கிடந்தது. பின்புறத்தில் அவருடைய தாயார் "ஈஸ்டர் காலை" என்று எழுதியிருந்தார். சிறுமி அவர்தான், ஏழு வயது. சிறுவன் அவருடைய அண்ணன். பிறகு போரில், கப்பலோடு கடலில் போனவர். போய் ஒரு பூ வைக்கக் கல்லறையும் இல்லை. இருவரும் சேர்ந்து இருக்கும் படம் இது ஒன்றே.

படத்தோடு அவர்கள் ஊர்க் கோட்டையின் வழிகாட்டித் தாள் ஒன்றும் இருந்தது. நாலாக மடித்து, ஒரு மூலை கிழிந்த தாள்.

"வெள்ளிக்கிழமை ஊருக்குப் புறப்படுகிறேன். இந்த முழங்கால்களோடு ஒரு கோபுரம் ஏறுவேன். இரண்டாவது முடியாது. அங்கே இருக்கும் என் தங்கையின் மகளுக்குத் தெரிந்தால் ஒன்றுகூட ஏற விடமாட்டாள், அதனால் அவளிடம் கேட்கவில்லை. அந்த இருக்கையில் ஒரு தடவை இருக்க வேண்டும். எது அந்தக் கோபுரம்?"

அன்று மாலையே சாப்பாட்டு மேசையைத் துடைத்துத் தாளை விரித்தேன். தேநீர் ஆறிப்போனது. நான் வேலை செய்யும் அலுவலகத்தில் மூன்று படுக்கையறை, இரண்டு கார் கராஜ் என்று ஒரே வீட்டைத்தான் இடம் வலம் மாற்றிக் கீறிக்கொண்டிருந்தோம். இதுவோ பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில், வேல்ஸை அடக்கி வைக்க ஓர் ஆங்கில அரசன் எழுப்பிய கோட்டை. வெளிமதில் பதிவு, உள்மதில் உயரம். உள்ளே நிற்கும் வில்லாளி வெளியே நிற்பவனின் தலைக்கு மேலால் எய்யலாம். ஒரே நேரத்தில் இரண்டு வரிசை அம்புகள். வாசல் வழியில் மேலிருந்து இறங்கும் இரும்புக் கிராதிகள் வழுக்கி ஓட இரண்டு தவாளிப்புகள், இரண்டுக்கும் நடுவே கூரையில் ஓட்டைகள். உள்ளே வந்தவன் முன்னும் போக முடியாது, பின்னும் போக முடியாது, மேலிருந்து கல் விழும். தாளிலிருந்த படத்தில், கோபுரங்களின் வெளிப்புறத்தில் சாரமரம் செருகிய குழிகள் சுருளாக மேலேறிப் போயிருந்தன. கொத்தர்கள் சாரத்தையே சாய்வுப் பாதையாகக் கட்டி, கல்லைச் சுற்றிச் சுற்றி மேலே கொண்டுபோயிருக்கிறார்கள். அதைக் கண்டதும் மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"சரியப்பா, வடிவாத்தான் இருக்கு. இப்ப சாப்பிட வாறியளே?"

மரத் தளங்கள் என்றோ உக்கிவிட்டதால், கோபுரங்களுக்குள் கணப்படுப்புகள் ஒன்றின் மேல் ஒன்றாக வெறும் காற்றில் தொங்குகின்றன, மதிலுக்குள்ளால் ஏறும் கல்படிகள் மட்டும் மிச்சம் என்று தாள் சொன்னது. பிற்காலத்தில் உள்நாட்டுப் போர் முடிந்ததும், இனி யாரும் இதற்குள் ஒளிந்து சண்டை பிடிக்கக் கூடாதென்று வெடிமருந்து வைத்து ஒரு கோபுரத்தைப் பிளந்தார்கள். கூரை ஈயம் போனது. பிறகு கல்லும் போனது. "எங்கள் வீட்டு வாசற்படி அங்கேயிருந்து வந்ததுதான். ஊரில் எல்லாருக்கும் தெரியும்," என்று மறுநாள் வேலியடியில் அம்மையார் சிரித்தார்.

மேல்தள வரைபடத்தில் இரு பக்கமும் இருக்கை உள்ள யன்னல்கள் இரண்டே இரண்டு. ஒன்று வாசலுக்கு வலப்பக்கக் கோபுரத்தில், வெளியே முன்புறத்தைப் பார்த்தபடி. மற்றது அதற்கு எதிர்மூலைக் கோபுரத்தில், பின்புறத்தைப் பார்த்தபடி. காலை வெயில் உள்ளே விழுந்ததென்றால் யன்னல் கிழக்கைப் பார்க்க வேண்டும். எது கிழக்கு? திசை காட்டும் அம்புக்குறி, கிழிந்த மூலையோடு போய்விட்டிருந்தது.

இரண்டு மாலைகள் யோசித்தேன். மூன்றாம் நாள் கோட்டை முற்றத்துச் சிற்றாலயம் கண்ணில் பட்டது. நீண்ட அறை. கோட்டை வாசல் பக்கமாக அதற்குக் கதவு, மறுமுனை பிதுங்கி அரைவட்டமாக இருந்தது. பிதுக்கம்தான் கருவறை! சுவாமி கிழக்கைப் பார்த்து இருப்பார், கதவு கிழக்கில் இருக்கும். ஆகவே கோட்டை வாசலும் கிழக்கு. வலப்பக்கக் கோபுரத்தைச் சுற்றிச் சிவப்பு மையால் வட்டம் போட்டேன். "கிழக்குப் பார்த்த யன்னலைத் தேடுங்கள்" என்று ஒரு வரி எழுதியிருந்தாலே போதும். எழுதவில்லை. வட்டம் அவ்வளவு வடிவாக வந்திருந்தது. வியாழன் மாலை கொண்டுபோய்க் கொடுத்தேன். அம்மையார் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

வெள்ளி காலை ரயிலில், வழக்கம்போல எனக்கு எதிரே என் நண்பர். மன்னார்க்காரர், கத்தோலிக்கர், நகரத்தில் ஒரு வங்கியில் வேலை. தாளிலிருந்து நான் ஒற்றிக் கீறிய டிரேசிங் பிரதியை அவருடைய மடியில் விரித்துப் பெருமையாக விளக்கினேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"ஐசே, உந்தக் கோட்டைக்குள்ளை பிள்ளையாரையே வைச்சிருந்தவங்கள்?"

"ஏன்?"

"எங்கட கோயில் அந்தக் காலத்திலை கட்டினதெண்டால் பீடம் கிழக்கை. சனம் கிழக்கைப் பாத்து நிண்டு கும்பிடும். வாசல் மேற்கை. நீர் முழுக் கோட்டையையும் த பேசின் பிள்ளையார் கோயிலாக்கிப் போட்டீர்."

தாளைத் திருப்பிப் பார்த்தேன். பிதுக்கம் கிழக்கென்றால் கோட்டை வாசல் மேற்கு. நான் வட்டமிட்ட யன்னலில் காலை வெயில் ஒருநாளும் விழாது.

"அந்த மனிசி எத்தனை மணிக்குப் போறா?"

"பத்து மணிக்கு டக்சி."

"பிறகென்ன பாத்துக்கொண்டு இருக்கிறீர்? இறங்கி ஓடும்!"

லேவர்டன் நிலையத்தில் இறங்கிப் பாலத்தால் மறுபக்கம் ஓடினேன். திரும்பிப் போகும் ரயிலுக்குப் பதினாறு நிமிடம் நின்றேன். வெரிபீ நிலையத்திலிருந்து வீட்டுக்கு நடந்தால் இருபத்திரண்டு நிமிடம், அன்று பதின்மூன்று. அம்மையார் வாசலில் பெட்டியோடு நின்றிருந்தார். மூச்சு வாங்க ஒரே ஒரு கேள்வி கேட்டேன், முதல் நாளே கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

"பின்னேரத்தில் கோட்டை வாசல் வெயிலிலா, நிழலிலா?"

அவர் கண்ணை மூடினார். "வெயிலில். பள்ளிக்கூடம் விட்டு வரும்போது வாசல் முழுக்கத் தேன் நிறமாக இருக்கும்."

மேற்கு! என் பேனாவை எடுத்து அவருடைய தாளிலிருந்த சிவப்பு வட்டத்தை வெட்டினேன். எதிர்மூலையில் புதிதாக ஒன்று போட்டேன். பெட்டியின் மேல் வைத்துக் கீறியதால் கோணலாக வந்தது. "கிழக்குப் பார்த்த யன்னல்" என்றும் பக்கத்தில் எழுதினேன். டக்சி வந்து நின்றது. அன்றுதான் முதல் தடவையாக நான் வேலைக்குப் பிந்திப் போனேன்.

இரண்டு கிழமை கழித்துக் கடிதம் வந்தது. "அங்கே மூன்று நாளும் மழை, சூரியனையே காணவில்லை. உங்கள் கோணல் வட்டத்தைத்தான் நம்பி ஏறினேன். அறுபத்தொரு படி. தங்கையின் மகள் கீழே நின்று கத்திக்கொண்டே இருந்தாள், பிறகு அவளும் ஏறி வந்தாள். என் இருக்கை இடப்பக்கத்தது. இவ்வளவு பதிவானதென்று நினைத்திருக்கவில்லை. அண்ணனின் இருக்கையில் என் கைப்பையை வைக்க மனம் வரவில்லை, மடியிலேயே வைத்திருந்தேன். நீங்கள் முதலில் வட்டமிட்ட யன்னலையும் கீழே நின்று பார்த்தேன். அங்கேயிருந்து இப்போது கார் நிறுத்துமிடம் தெரியுமாம்."

கூடவே ஒரு வண்ணப்படம். மழைக்கோட்டோடு அவர், எதிரே வெற்று இருக்கை. பழைய படத்திலிருந்து நான் எடுத்து வைத்திருந்த பிரதியைப் பக்கத்தில் வைத்து, பூதக்கண்ணாடியால் ஒவ்வொரு கல்லாகப் பார்த்தேன். சிறுவனின் வலது தோளுக்கு மேலே, இரண்டாம் வரிசைக் கல்லில், தலைகீழ் ஒய் வடிவில் ஒரு வெடிப்பு. புதிய படத்தில், வெற்று இருக்கைக்கு மேலே, அதே கல்லில், அதே வெடிப்பு.

மறுநாள் ரயிலில் நண்பர் இருக்கையில் சரியாக அமர முன்னமே இரண்டு படங்களையும் அவருடைய கையில் திணித்தேன்.

"வெடிப்பைப் பாரும்! வெடிப்பைப் பாரும்!"

அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு வெகுநேரம் பார்த்தார். அந்த வெற்று இருக்கையின் மேல் பெருவிரலை மெதுவாக வைத்தார்.

"ஓம், இதுதான்," என்றார். ஹொப்பர்ஸ் குறோசிங் நிலையம் தாண்டும்வரை படத்தைத் திருப்பித் தரவில்லை.