ஐஸ் பெட்டியில் வைத்த ஊசி

என் வாய் சும்மா இருந்திருந்தால் அக்கா இன்று கோட்டைக்குப்பத்தில் புருஷன் வீட்டில் இருந்திருப்பாள்.

கல்யாணமாகி ஏழு வருஷம், குழந்தை இல்லை. "இந்த ஒரு தபாதான். இல்லாங்காட்டி என் பையனுக்கு வேற பொண்ணு பாத்துடுவேன்" என்று மாமியார்க்காரி கறாராகச் சொல்லிவிட்டாள். முட்டை வெளிவருவதற்காகப் பொன்னேரியில் டாக்டரம்மா கொடுத்த ஹார்மோன் ஊசியை, அக்கா இரண்டு நாள் வீட்டில் வைத்திருந்து, சொன்ன நேரத்தில் போட்டுக்கொண்டாள். ஸ்கேனில் முட்டை வெளிவராமல் அப்படியே இருந்தது.

அழுதுகொண்டே போன் செய்தாள். "ஊசி ஏன்டி வேலை செய்யல?"

நான் சென்னையில் ஆய்வு மாணவி. எலியின் சினைப்பைதான் என் பிழைப்பு. அந்த மேதாவித்தனத்தில் அளந்துவிட்டேன். ஹார்மோன் வெள்ளமாக வந்ததும், கொழுப்பு தயாரிக்கும் வேலையில் இருக்கும் ஒரு நொதி, ஹார்மோனை வாங்கும் ஏற்பியைச் செய்யச் சொல்லும் தூது ஆர்.என்.ஏ.வைப் பிடித்துக்கொள்ளும். அது சிதைந்துபோகும். புது ஏற்பி உருவாகாது. "உன் ஒடம்பே அத நிறுத்திடும்க்கா" என்று சுருக்கினேன். இது ஹார்மோன் வேலை செய்து முடித்த பிறகு நடப்பது, சில நாளில் தானே சரியாகிவிடும் என்பதைச் சொல்லவில்லை. லேபில் கூப்பிட்டார்கள், வைத்துவிட்டேன். அங்கே போன் ஸ்பீக்கரில் இருந்திருக்கிறது.

அடுத்த மாதம் போனபோது அக்கா புருஷன் இறாலைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார். ஒரு வரிசை இறால், ஒரு வரிசை உடைத்த ஐஸ், மேலே கை நிறையக் கல்லுப்பு. உப்புப் போட்டால் குளிர் இன்னும் ஏறும்.

"மாமா, அந்த ஊசிய எங்க வெச்சிருந்தீங்க?"

"இதுலதான். வூட்ல கரண்டு எங்க நிக்குது? உப்பெல்லாம் போட்டு பத்திரமா வெச்சிருந்தேன். கல்லாட்டம் ஆயிடுச்சி, கைல வெச்சி உருக்கித்தான் நர்சம்மாகிட்ட குடுத்தேன்."

உறைந்தால் அந்த மருந்து கெட்டுப்போகும் என்று அக்காவின் மாமியாரிடம் மன்றாடினேன். இன்னொரு ஊசி போட்டுப் பார்க்கலாம் என்றேன்.

"எறாவுக்கு ஆவுற ஐஸு ஊசிக்கு ஆவாதா? அவ ஒடம்புதான்னு நீயே சொன்ன. இந்தக் காதால கேட்டேன்."

மாமா, பாவி மனுஷன், பெட்டியை மூடிக்கொண்டு போய்விட்டார்.

அந்த வீட்டுக்கு இப்போது வேறு மருமகள் வந்தாயிற்று. அக்கா எங்கள் வீட்டில் இருக்கிறாள்; தினமும் போய், இடுப்பளவு ஏரித் தண்ணீரில் கையால் இறால் தடவிப் பிடிக்கிறாள். போன வாரமும் ஐஸ் பெட்டி விஷயத்தைச் சொன்னேன். உன் உடம்பில் கோளாறு இல்லை என்று சத்தியம் செய்தேன்.

"இப்ப எனக்காவ சொல்ற," என்றாள். "அன்னிக்குப் படிச்சத சொன்ன."