அந்த நர்ஸ் யார்?

எங்கள் அத்தை சினிமாவில் நடித்தவள் என்று சொன்னால் இன்றைக்கும் யாரும் நம்புவதில்லை. நானும் வற்புறுத்துவதில்லை. படம் ஒரு வாரம்தான் ஓடியது. அதில் அத்தை வந்ததோ கொட்டாவி விடும் நேரம். ஆனால் படம் வருவதற்கு முந்தைய சில நாட்கள் மைசூரில் அவள் குரலைக் கேட்காத காது கிடையாது. அதைச் சொல்லாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும்.

அத்தை என்றால் அப்பாவின் தங்கை. தாத்தாவும் பாட்டியும் சீக்கிரமே போய்விட்டதால் அவளை வளர்த்து, நர்ஸ் படிக்க வைத்தது எல்லாம் அப்பாதான். அப்பாவுக்கு நஞ்சன்கூட்டில் ஒரு பாக்டரியில் வேலை, தினமும் ரயிலில் போய்வருவார். கன்னடம் எங்கள் எல்லோருக்கும் தண்ணீர் பட்ட பாடு. ஆனாலும் செருப்பை எப்படி வாசலில் விடுகிறோமோ அப்படிக் கன்னடத்தையும் விட்டுவிட்டுத்தான் உள்ளே வரவேண்டும் என்பது அப்பாவின் சட்டம். நான் பள்ளிக்கூட ஞாபகத்தில் எதையாவது கன்னடத்தில் உளறினால், "வீட்டுக்குள்ள என்ன பாஷை?" என்று ஒரு குரல் வரும். அத்தைக்கு அந்தச் சட்டம் ரத்தத்திலேயே ஊறியிருந்தது.

அத்தை வேலை பார்த்த ஆஸ்பத்திரிக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை படம் எடுக்க ஒரு கும்பல் வந்தது. கன்னடப் படம், காசில்லாத படம். செட் போட வழியில்லாமல் நிஜ வராந்தாவையே கேட்டு வாங்கியிருந்தார்கள். நர்ஸாக நடிக்க வேண்டிய பெண் வராமல் போகவே, டைரக்டர் கண்ணில் பட்ட நிஜ நர்ஸைக் கூப்பிட்டு நிறுத்திவிட்டார். நண்பன் இறந்த சேதி கேட்டுக் கதாநாயகன் கதறிக்கொண்டு ஓடிவருவான். நர்ஸ் அரைப் பக்கத்துக்கு ஆறுதல் சொல்ல வேண்டும். அத்தைக்கு அந்த வசனம் மண்டையில் ஏறவே இல்லை. கேமரா ஓட ஆரம்பித்ததும், அதே வராந்தாவில் தினமும் நோயாளிகளின் வீட்டாரிடம் சொல்வதையே சொல்லிவிட்டாள்.

"மொதலு கூத்கொள்ளி. ஆமேலே அளி."

முதலில் உட்காருங்கள், அப்புறம் அழுங்கள். கதாநாயகன் வசனம் மறந்து நிஜமாகவே உட்கார்ந்துவிட்டானாம். டைரக்டர் இதுவே போதும் என்றாராம். அத்தை இதை அம்மாவிடமும் என்னிடமும் மட்டும் சொல்லிச் சிரித்தாள். அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தோம்.

முடியவில்லை. படத்தை எடுத்து முடித்தவர்களிடம் போஸ்டர் ஒட்டக்கூடக் காசில்லை. பெரிய சேனல்கள் சீந்தவில்லை. டைரக்டரோடு படித்த ஒருவன் எஃப்.எம். ரேடியோவில் காலை நிகழ்ச்சி நடத்திக்கொண்டிருந்தான். அவன் கொடுத்த யோசனைதான் எல்லாம். கதாநாயகனின் விம்மல், அத்தையின் குரல், ஒரு மத்தள அடி, 'வரும் வெள்ளிக்கிழமை' என்ற அறிவிப்பு. அவ்வளவுதான் விளம்பரம். இப்படி வெட்டி ஒட்டிக் கேட்டபோது அந்த வசனம் ஏதோ திமிர் பிடித்த நர்ஸ் அதட்டுவதுபோல இருந்தது. ஊரே சிரித்தது.

சிரிப்பு வந்ததும் அவர்களுக்குத் தைரியமும் வந்துவிட்டது. 'அந்த நர்ஸ் யார்?' என்று ஒரு போட்டி ஆரம்பித்தார்கள். ரேடியோவுக்குப் போன் செய்து அதே குரலில், அதே மிடுக்கில் வசனத்தைச் சொல்பவர்களுக்கு இரண்டு டிக்கெட் இலவசம். லோக்கல் கேபிளிலோ அதே காட்சி, நர்ஸின் முகத்தில் மட்டும் பெரிய கேள்விக்குறி. டைரக்டரிடம் யார் கேட்டாலும் "தியேட்டருக்கு வந்து பாருங்கள்" என்பார். விஷயம் என்னவென்றால், பெயரையும் முகத்தையும் போடாதீர்கள் என்று அத்தைதான் அவரிடம் கெஞ்சிக் கேட்டிருந்தாள். அண்ணனுக்குப் பயந்து அவள் கேட்டதை அவர்கள் விளம்பரமாக்கிவிட்டார்கள்.

ஆட்டோக்காரர்கள் சொன்னார்கள். காய்கறிக்காரர் சொன்னார். எங்கள் வகுப்பில் அடி வாங்கி அழுத பையனிடம் டீச்சரே சொன்னார். பாவம் அத்தை, அவளுடைய சொந்த வார்த்தை அவளுக்கே உதவாமல் போயிற்று. வராந்தாவில் அழுதுகொண்டிருந்த ஒருவரிடம் பழக்கதோஷத்தில் சொல்லப்போக, அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நீவூ ரேடியோ கேள்தீரா சிஸ்டர்?" என்று, நீங்களும் ரேடியோ கேட்பீர்களா என்று, கேட்டாராம்.

அப்பாவுக்கு ரயிலில் தெரிந்தது. யாரோ போனில் ரேடியோவைச் சத்தமாக வைத்திருந்திருக்கிறார்கள். தூக்கி வளர்த்தவருக்குக் குரல் தெரியாதா? அன்று வீட்டுக்குள் செருப்போடு வந்துவிட்டார்.

அவர் கோபத்துக்குக் காரணம் இருந்தது. கொள்ளேகாலில் இருந்து அத்தைக்கு ஒரு வரன் கூடி வந்திருந்தது. மாப்பிள்ளை கரண்ட் ஆபீசில் லைன்மேன், வீட்டில் அம்மா மட்டும், தமிழ்க் குடும்பம். இரண்டு இடம் தட்டிப்போன பிறகு வந்த இடம். அதுவும் தரகர் அவர்களிடம், "புள்ள வாயே தெறக்காதுங்க" என்று அடித்துச் சொல்லியிருந்தார்.

"அவங்க பழைய காலத்து ஜனங்க. சினிமான்னு தெரிஞ்சா படியேற மாட்டாங்க" என்றார் அப்பா. "இந்தப் படம் ஒரு வாரம் தாண்டாது. ஊரும் மறந்துரும். அதுவரைக்கும் யாரும் மூச்சு விடக் கூடாது."

"கல்யாணத்துக்கு அப்புறம் தெரிஞ்சா என்னண்ணா பண்றது?"

"ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணத்தை நடத்தச் சொல்லியிருக்காங்க. நான் கேக்கறது ஒண்ணே ஒண்ணும்மா."

"சரிண்ணா" என்றாள் அத்தை. பிறகு எல்லோரும் சேர்ந்து என்னைப் பார்த்தார்கள். அந்த வீட்டில் ஓட்டை வாய் யாருக்கு என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. சாமி படத்தின் முன்னால் நிறுத்தி என்னிடம் சத்தியம் வாங்கினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வந்தார்கள். காலையிலேயே அப்பா டிவியின் கேபிள் வயரைப் பிடுங்கிப் பரணில் போட்டார். அம்மா ரேடியோவை அரிசி டின்னுக்குள் புதைத்தாள். இவ்வளவு செய்தவர்கள் பக்கத்து வீட்டு ஆண்ட்டியை மறந்துவிட்டார்கள். அந்த ஆண்ட்டி கன்னடக்காரர், தங்கமானவர், ஆனால் அந்த இரண்டு டிக்கெட்டை வாங்கியே தீருவது என்று கச்சை கட்டியிருந்தார். மாப்பிள்ளையின் அம்மா பாயில் உட்கார்ந்து, வெற்றிலைத் தட்டைக் கையில் எடுத்த நேரம் பார்த்து, ஜன்னலுக்கு அந்தப் பக்கத்தில் இருந்து ஒத்திகை ஆரம்பமானது.

"மொதலு கூத்கொள்ளி! ஆமேலே அளி!"

அப்பா இருமினார். அம்மா தம்ளரை உருட்டிவிட்டாள். பிரயோஜனமில்லை.

"அட, இங்கியும் இதே கூத்தா?" என்று சிரித்தார் மாப்பிள்ளையின் அம்மா. "பஸ்ஸுல வர்றப்பவும் ரேடியோவுல இதேதானுங்க. யாரோ நர்ஸாமா. எழவு சேதி கேட்டு வர்றவன் கிட்ட அப்படியா பேசுவாங்க? பொம்பளப்புள்ளைக்கு இத்தன ஆங்காரம் ஆகுமாங்க?"

"ஆகாதுங்க" என்றார் அப்பா உடனே. அந்த 'ஆகாதுங்க' சமையலறைக்கு நன்றாகக் கேட்டது. அங்கே அத்தை காப்பித் தட்டைக் கையில் ஏந்தியபடி கண்ணை மூடி நின்றுகொண்டிருந்தாள். உதடுகள் மெல்ல அசைந்தன. நான் சத்தியத்தை நினைத்து உதட்டைக் கடித்துக்கொண்டு அவள் முந்தானையைப் பிடித்தேன். அவள் கண்ணைத் திறந்து என் தலையைத் தடவிவிட்டு வெளியே போனாள்.

கூடத்தில் தமிழ்தான் நடந்துகொண்டிருந்தது. கொள்ளேகால் பஸ், மழை, விலைவாசி. பக்கத்து வீட்டில் இருந்து மறுபடி சத்தம் வரவே, அது யாரென்று பார்க்க மாப்பிள்ளையின் அம்மா எழுந்து ஜன்னல் பக்கம் போனார். அத்தை தட்டோடு அவர் எதிரில் போய் நின்றாள். நிமிர்ந்து பார்த்தாள்.

"மொதலு கூத்கொள்ளி" என்றாள். கொஞ்சம் விட்டு, "ஆமேலே அளி" என்றாள்.

அந்த அம்மா பொத்தென்று உட்கார்ந்துவிட்டார். அப்பா கண்ணை மூடிக்கொண்டார். சுவருக்கு அந்தப் பக்கம் ஆண்ட்டியின் குரல் ஒருமுறை எழுந்து, அசலின் முன்னால் நகல் அசடு வழிவதுபோல ஓய்ந்தது. மாப்பிள்ளைக்கு மட்டும் சிரிப்பு பொத்துக்கொண்டு வர, அவர் குனிந்து வேட்டிக்கரையைச் சரிசெய்யத் தொடங்கினார்.

"நீதானா அது?"

"ஆமாங்க" என்றாள் அத்தை, இப்போது தமிழில். "ஒரே ஒரு சீன்தாங்க."

அந்த அம்மா காப்பியை ஊதி ஊதிக் கடைசிச் சொட்டு வரை குடித்தார். பிறகு எழுந்து, "ஊருக்குப் போயித் தகவல் சொல்றோமுங்க" என்றார். தகவல் சொல்கிறோம் என்றால் இல்லை என்று அர்த்தம். அது எனக்கே தெரியும். தரகர் யார் முகத்தையும் பார்க்காமல் பின்னாலேயே போனார்.

அப்பா திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. சட்டையைக்கூடக் கழற்றாமல் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தார். "வாய் தவறி வந்துருச்சுண்ணா" என்றாள் அத்தை. அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டதைப் பார்த்து எனக்குக் கோபம் கோபமாக வந்தது. வாய் தவறுவது என்றால் என்னவென்று அந்த வீட்டில் என்னைவிட யாருக்குத் தெரியும்? சத்தியம் செய்தும் தவறும், கடித்துப் பிடித்தாலும் தவறும். நான் அத்தை பக்கம் போய் ஒட்டி உட்கார்ந்துகொண்டேன்.

வெள்ளிக்கிழமை படம் வந்தது. டைரக்டர் அனுப்பிய டிக்கெட்டுகள் அந்த ஞாயிறு மதியக் காட்சிக்கு. அப்பா வரமாட்டேன் என்று வாசல்வரை சொல்லிக்கொண்டே வந்து, அப்படியே ஆட்டோவிலும் ஏறிவிட்டார். தியேட்டரில் பாதிக்கு மேல் காலி. விளக்கு அணையும் நேரத்தில் அம்மா என் தொடையைக் கிள்ளினாள். மூன்று வரிசை முன்னால் மாப்பிள்ளையும் அவர் அம்மாவும்.

அத்தையின் காட்சி இடைவேளைக்குப் பிறகு வந்தது. கதாநாயகன் கதறிக்கொண்டு ஓடிவந்ததுமே சிரிக்கத் தயாராக இருந்தது ஜனம். அத்தை திரையில் வந்தாள். ரேடியோவில் இல்லாதது எல்லாம் அங்கே இருந்தது. அவள் ஓடிப்போய் அவன் தோளைப் பிடித்தாள், காலால் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டாள், அவனை மெல்ல அமர்த்தினாள். "மொதலு கூத்கொள்ளி" என்றாள். அவன் உட்கார்ந்து மூச்சு வாங்கும்வரை காத்திருந்து, அவன் முதுகில் கைவைத்து, "ஆமேலே அளி" என்றாள். அந்தக் காத்திருப்பைத்தான் விளம்பரத்தில் வெட்டிவிட்டிருந்தார்கள். கூடவே சொல்ல வாயெடுத்தவர்கள் பாதியில் நிறுத்திக்கொண்டார்கள். மூன்று வரிசை முன்னால் ஒரு தலை முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டது.

படம் முடிந்து வெளியே வந்தோம். அப்பா தூணுக்குப் பின்னால் ஒதுங்கப் பார்த்தார். அந்த அம்மா நேராக அத்தையிடம் வந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

"என்ற ஊட்டுக்காரரு இந்த மைசூரு ஆஸ்பத்திரியிலதான் கண்ணு போனாரு. வெடிஞ்சதுல இருந்து பொழுது போற வரைக்கும் நான் நின்னுக்கிட்டே இருந்தேன். உக்காருன்னு சொல்ல ஒருத்தி வரல." மூக்கை உறிஞ்சினார். "ரேடியோவுல கேட்டப்ப திமிருன்னு நெனச்சுப்போட்டேன். மூஞ்சியப் பாத்தாத்தானே தெரியுது."

சொல்லிவிட்டு அழ ஆரம்பித்தார். அத்தை சுற்றிலும் பார்த்து, டிக்கெட் கவுண்டர் ஓரத்தில் இருந்த பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டாள். வாயைத் திறந்து ஒன்றும் சொல்லவில்லை. அந்த அம்மா உட்கார்ந்து, ஆசை தீர அழுதார். எனக்கு அழுகையாக வந்தது. அப்பாவுக்கும்தான், கர்ச்சீப் தேடினார்.

கல்யாணம் நன்றாகவே நடந்தது. டைரக்டர் வந்து மூன்றுமுறை பந்தியில் உட்கார்ந்தார். எங்கள் அத்தை வாய் தவறியதால்தான் இந்தக் கல்யாணமே நடந்தது என்று மண்டபம் முழுக்கச் சொல்லித் திரிந்தேன். மணவறையில் ஏறி அத்தையிடமே சொன்னேன். "ஆமாண்டி தங்கம், வாய் தவறினது நல்லதாப் போச்சு" என்று என் கன்னத்தில் முத்தம் கொடுத்தாள். பக்கத்தில் இருந்த மாமா சிரித்தார். எல்லாம் எனக்குத் தெரியும் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

இப்போது நான் நஞ்சன்கூடு போகும் அதே ரயிலில் வேலைக்குப் போகிறேன். ரயிலில் கன்னடம், வீட்டில் தமிழ். வாசலில் மாற்றிக்கொள்வது இன்றும் தானாக நடக்கிறது. சென்ற வாரம் அப்படி வாசலில் செருப்பைக் கழற்றும்போதுதான் சட்டென்று உறைத்தது. அன்று அந்தக் கூடத்தில் ஒருவர்கூடக் கன்னடம் பேசிக்கொண்டிருக்கவில்லை. வீட்டுக்குள் ஒரு கன்னடச் சொல் பேசாதவளுக்கு, தமிழ் பேசும் விருந்தாளியின் முன்னால், வாய் அவ்வளவு தூரமா தவறும்? பொய்யோடு ஒரு வீட்டுக்கு வாழப்போக அவளுக்கு மனமில்லை. அண்ணனை எதிர்த்துப் பேசவும் மனமில்லை.

சமையலறையில் காப்பித் தட்டோடு கண்ணை மூடி அவள் உதட்டை அசைத்துக்கொண்டிருந்தாளே, அவள் சாமி கும்பிடுகிறாள் என்று நினைத்து, பக்கத்தில் நின்று நானும் கண்ணை மூடிக் கும்பிட்டேன், எங்கள் அத்தை வாயைத் திறந்துவிடக் கூடாது என்று.